தரவுத்தளத்தின் கதவு திறக்காதபோது

கடற்கரையூர் ஒன்றிலிருந்து வாசகச் சகோதரி ஒருவர் எழுதியுள்ள மடல் இம்மாதம் நம் கணினிப் பகுதி முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. ஊரும் பேரும் வேண்டாமென அவரே கேட்டுக்கொண்டிருப்பதால் செய்தியை மட்டும் தருகிறேன்.

அவர்களுடைய ஜமாஅத்தின் பைத்துல்மால் சார்பில், ரமலான் மாதத்தில் ஜகாத் உதவி கோருவோரிடம் விண்ணப்பம் பெறுவதற்கென ஒரு வலைச்செயலி அமைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் தாளில் எழுதிப் பள்ளிவாசல் அலுவலகத்தில் நேரில் கொடுக்க வேண்டியிருந்தது. வரிசையில் நிற்பதை நாலுபேர் பார்ப்பார்களே என்னும் கூச்சத்தால், உண்மையிலேயே தேவையுடைய பெண்கள் பலர் வராமலே இருந்துவிட்டனர். அக்குறையை நீக்க, கணினி அறிவியல் பயின்ற இச்சகோதரி, தம் மாமனாரின் ஊக்கத்தால் வீட்டிலிருந்தபடியே இச்செயலியை எழுதிக் கொடுத்தார். இருபது நாட்களில் 412 விண்ணப்பங்கள் சேர்ந்தன.

பிறை இருபதன்று தராவீஹ் தொழுகை முடிந்ததும், விண்ணப்பிக்க மறுநாளே கடைசி நாள் என அறிவிக்கப்பட்டது. அடுத்த சில நிமிடங்களில் ஊரே கைப்பேசியும் கையுமாக அமர்ந்தது. பக்கம் திறக்கவில்லை. 'மேக்ஸ் யூசர் கனெக்ஷன்ஸ்' என்றும், அதனருகே 30 என்னும் எண்ணும் கொண்ட ஆங்கில வாசகம் ஒன்று திரையில் நின்றது. கமிட்டியில் கணினி பழகிய ஒருவர், சர்வரை வாடகைக்கு விட்டுள்ள நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் நுழைந்து எதையெதையோ மாற்றினார். ஸஹர் நேரத்தில் வாசகம் மாறி, 'ஆக்சஸ் டினைட்' என வந்தது. இனி எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே வழி என்று அவரே முடிவும் சொன்னார். விண்ணப்பங்கள் அனைத்தும் போய்விட்டன என்ற பேச்சு ஊரில் பரவ, பெரியவர் ஒருவர், பெண்பிள்ளையை நம்பிக் கொடுத்ததன் விளைவு இது என்றாராம்.

மடல் கண்ட அன்றே, 'எதையும் அழிக்க வேண்டாம்' என்று தொடங்கிச் சுருக்கமாக ஒரு விடையை அனுப்பிவிட்டேன். பிற ஜமாஅத்துகளிலும் மதரஸாக்களிலும் கல்வி அறக்கட்டளைகளிலும் இத்தகைய செயலிகள் பெருகிவருவதால், அதனையே இங்கு விரித்து எழுதுகிறேன்.

கணினி பயிலாதவர்களுக்கும் விளங்க, நம் ஜமாஅத் அலுவலகத்தையே எடுத்துக்கொள்வோம். நிக்காஹ் தஃப்தர்கள் உள்ளறையில் பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. நாம் சன்னலுக்கு வெளியே நின்று நம் திருமணப் பதிவின் நகலைக் கேட்கிறோம். எழுத்தர் உள்ளே சென்று பார்த்து எழுதிவந்து தருகிறார். கைப்பேசியில் தோன்றும் பக்கமே அந்தச் சன்னல். செயலி, அந்த எழுத்தர். டேட்டாபேஸ் எனப்படும் தரவுத்தளம், அந்த உள்ளறை. எழுத்தர் உள்ளே போய்வர ஐந்து செய்திகள் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்: உள்ளறை எந்தக் கட்டடத்தில் உள்ளது, எந்த வாயில், எந்தப் பெயரைச் சொல்லி நுழைவது, திறவுகோல் எது, பார்க்க வேண்டிய தஃப்தர் எது. கணினியில் இவை முறையே சேவையகத்தின் முகவரி, வாயில் எண், பயனர் பெயர், கடவுச்சொல், தரவுத்தளத்தின் பெயர் எனப்படும். செயலியோடு இருக்கும் அமைப்புக் கோப்பு ஒன்றில் இவை எழுதப்பட்டிருக்கும். நம்மவர் பலர் பயன்படுத்தும் மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளுக்கு வழக்கமான வாயில் எண் 3306. போஸ்ட்கிரெஸ் என்பதற்கு 5432.

பெயர் வந்ததால் ஒரு செய்தி. மைஎஸ்க்யூஎல்லில் உள்ள 'மை' என்பதை 'என்னுடைய' என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல் என்றே பலரும் எண்ணுகின்றனர். 1995இல் அதனை உருவாக்கியவர்களுள் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் தம் மூத்த மகளுக்கு இட்ட பெயர் அது. பின்னர் 2009இல் அவர் தொடங்கிய மரியாடிபி, இளைய மகள் மரியாவின் பெயரைத் தாங்கியது. பெண்பிள்ளைகளின் பெயரில் வழங்கும் இவ்விரண்டும் உலகின் எத்தனையோ பெரிய வணிகக் கணக்குகளைச் சுமந்து நிற்கின்றன என்பதை, மேற்படி பெரியவரிடம் யாரேனும் பக்குவமாகச் சொல்லலாம்.

இனிப் பிழைச் செய்திக்கு வருவோம். செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே இணைப்பு அறுபடும்போது வரும் வாசகங்கள் யாவும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே அச்சுறுத்தும். ஆயினும் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தைச் சுட்டுகிறது. 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்' என உடனடியாக வந்தால், கட்டடம் இருக்கிறது, ஆனால் அந்த வாயிலில் ஆளில்லை என்று பொருள். தரவுத்தள மென்பொருள் நின்றுபோயிருக்கலாம், அல்லது வாயில் எண் தவறாக இருக்கலாம். நெடுநேரம் காத்திருந்தபின் 'டைம்ட் அவுட்' என வந்தால், தட்டிய ஓசையே உள்ளே எட்டவில்லை. வழியில் தடுப்புச்சுவர் மென்பொருள் ஏதோ மறிக்கிறது, அல்லது வலையமைப்பே பழுது. உடனே வரும் மறுப்பும் காத்திருந்தபின் வரும் மௌனமும் வேறுவேறு நோய்கள். இவ்வேறுபாட்டைக் கவனிப்பதாலேயே பாதி நேரம் மிச்சமாகும்.

1049 என்னும் எண்ணோடு 'அன்னோன் டேட்டாபேஸ்' என வந்தால், உள்ளே நுழைந்தாயிற்று, கேட்ட பெயரில் தஃப்தர் இல்லை என்று பொருள். இது பெரும்பாலும் இடம்மாற்றும்போது நேர்வது. விண்டோஸ் கணிப்பொறியில் எழுதிச் சோதித்த செயலியை லினக்ஸ் சேவையகத்துக்குக் கொண்டுசெல்லும்போது, ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அங்கே வேறுவேறாகக் கருதப்படுவதால் பெயர் பொருந்தாமற் போகும்.

சகோதரியின் செயலியில் ஸஹர் நேரத்தில் வந்தது 1045ஆம் எண் பிழை. பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை என்பது அதன் பொருள். அவர் அனுப்பிய வாசகத்தின் கடைசியில், 'யூசிங் பாஸ்வேர்ட்' என்பதை அடுத்து 'யெஸ்' என்றிருந்தது. இச்சிறு சொல்லைப் பலர் படிப்பதே இல்லை. அவ்விடத்தில் 'நோ' என்றிருந்தால், செயலி கடவுச்சொல்லையே சொல்லவில்லை, அதாவது அமைப்புக் கோப்பைப் படிக்கவே இல்லை எனக் கொள்ளலாம். 'யெஸ்' என்றிருப்பதால் ஏதோ ஒரு கடவுச்சொல்லைச் சொல்லியிருக்கிறது. தரவுத்தளம் அதனை ஏற்கவில்லை. மைஎஸ்க்யூஎல் ஒருவரை அடையாளம் காண்பது பெயரைக் கொண்டு மட்டுமன்று. அவர் எந்தக் கணிப்பொறியிலிருந்து வருகிறார் என்பதையும் சேர்த்தே பார்க்கிறது. ஆகவே பெயரும் கடவுச்சொல்லும் சரியாக இருந்தும் மறுக்கப்படுவதுண்டு. ஆனால் இங்கே சேவையகம் மாறவில்லை. அன்றிரவு மாற்றப்பட்டவற்றுள் கடவுச்சொல்லும் ஒன்றா என விசாரிக்குமாறு எழுதினேன். ஆம், மாற்றப்பட்டிருந்தது. கட்டுப்பாட்டுப் பக்கத்தில் புதிய கடவுச்சொல், செயலியின் அமைப்புக் கோப்பில் பழையது. பூட்டை மாற்றிவிட்டு எழுத்தரிடம் புதிய திறவுகோலைத் தராமல் விட்ட கதைதான்.

விண்ணப்பங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும் என நான் அன்றே துணிந்து எழுதியதற்குக் காரணமும் இவ்வாசகமே. 'அனுமதி இல்லை' என்று சொல்பவர் யார்? தரவுத்தளமே அல்லவா? இறந்துபோன காவலர் ஒருவரையும் தடுக்கமாட்டார். மறுப்புச் சொல்கிறதென்றால் அது உயிரோடுதான் இயங்குகிறது. இதற்கு முந்தைய பிழையும் வாசலில் ஏற்பட்ட நெருக்கடியைக் குறித்ததேயன்றி அலமாரியைப் பற்றியதன்று. கட்டுப்பாட்டுப் பக்கத்தில் உள்ள பிஹெச்பிமைஅட்மின் வழியாக நேரே உள்ளே சென்று பதிவுகளை எண்ணிப் பார்க்கச் சொன்னேன். 412ம் இருந்தன, அல்ஹம்துலில்லாஹ். அழித்து நிறுவியிருந்தால் அவையே முதலில் போயிருக்கும்.

அடுத்து, எல்லாவற்றுக்கும் முதலாக வந்த அந்த நெருக்கடி. எந்தத் தரவுத்தளமும் ஒரே நேரத்தில் இத்தனை பேரைத்தான் உள்ளே விடுவது என்று ஓர் உச்சவரம்பு வைத்திருக்கும். மைஎஸ்க்யூஎல் நிறுவப்படும்போது அது 151. அவ்வரம்பு நிரம்பினால் 1040 என்னும் எண்ணோடு 'டூ மெனி கனெக்ஷன்ஸ்' என வரும். பலர் பங்கிட்டுக்கொள்ளும் வாடகைச் சேவையகங்களிலோ, ஒரு வாடிக்கையாளர் மற்றவர்களின் இடத்தையும் அடைத்துக்கொள்ளாதிருக்க, ஒவ்வொருவருக்கும் தனி வரம்பு விதிக்கப்படும். சகோதரி கண்ட 30 என்பது அதுவே.

முப்பது பேர் என்றதும் குறைவாகத் தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவருடைய வேலை நொடியில் பத்தில் ஒரு பங்கில் முடிந்தால், முப்பது இடங்களைக் கொண்டு ஒரு நொடிக்கு முந்நூறு பேருக்கு வேலை முடித்துத் தரலாம். ஓர் ஊருக்கு அது தாராளம். ஆனால் 'அனுப்பு' என்னும் பொத்தானை அழுத்தியபின் ஐந்தாறு நொடிகள் திரையில் சக்கரம் சுழலும் என்று மடலின் நடுவே சகோதரி போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அவ்வரியே என் கண்ணில் பட்டது. ஒருவருக்கு ஆறு நொடி என்றால், முப்பது இடங்களில் நொடிக்கு ஐந்து பேர், நிமிடத்துக்கு 300 பேர் மட்டுமே. தராவீஹ் முடிந்து நானூறு பேர் ஒரே நிமிடத்தில் அனுப்ப முனைந்து, பக்கம் அசையவில்லையே என ஒவ்வொருவரும் மும்முறை அழுத்தினால் 1200 கோரிக்கைகள். மறுபடி அழுத்துவதால் பழைய கோரிக்கை மறைந்துவிடுவதில்லை. பல வேளைகளில் அது உள்ளே நின்றுகொண்டிருக்கவே, புதியதும் வந்து சேர்கிறது. பொறுமையின்மை வரிசையை இன்னும் நீளமாக்குகிறது.

அந்த ஆறு நொடியில் என்னதான் நடக்கிறது? இங்கே சகோதரியின் நிரலிலும் ஒரு குறை உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. விண்ணப்பத்தைப் பதிந்தவுடன், 'பெற்றுக்கொண்டோம்' என விண்ணப்பித்தவருக்குக் குறுஞ்செய்தி ஒன்று போகிறது. அது வெளியிலுள்ள வேறொரு நிறுவனத்தின் சேவையகம் வழியாகப் போக வேண்டும். அங்கிருந்து பதில் வரும்வரை செயலி காத்திருக்கிறது. காத்திருக்கும் நேரமெல்லாம் தரவுத்தள இணைப்பையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. எழுத்தர் தஃப்தரில் எழுதி முடித்தபின் உள்ளறையிலேயே நின்றுகொண்டு, வெளியூருக்கு ஆளனுப்பிவிட்டு அவர் திரும்பும்வரை கதவை அடைத்துக்கொண்டிருப்பதைப் போன்றது இது.

நெருக்கடியின்போது, 'ஷோ ப்ராசஸ்லிஸ்ட்' என்னும் கட்டளையைத் தரவுத்தளத்திடம் கொடுத்தால், உள்ளே நிற்பவர் யாவர், ஒவ்வொருவரும் என்ன செய்கின்றனர், எத்தனை நொடியாக நிற்கின்றனர் என்று பட்டியலிட்டுக் காட்டும். 'ஸ்லீப்' எனக் குறித்தவர்கள் வேலையின்றி இடத்தை அடைத்திருப்பவர்கள். சகோதரி இதனைச் செய்து பார்த்தார். முக்கால்வாசி இணைப்புகள் உறங்கிக்கொண்டிருந்தன.

திருத்தம் எளிது. குறுஞ்செய்தியை அக்கணமே அனுப்பாமல், 'அனுப்ப வேண்டியவை' என்னும் தனிப் பட்டியலில் பதிந்துவிட்டு இணைப்பை மூடிவிட வேண்டும். நிமிடத்துக்கொருமுறை தானே இயங்கும் சிறு நிரல் ஒன்று அப்பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக அனுப்பிக்கொள்ளும். சொந்தச் சேவையகம் வைத்திருப்போர் உச்சவரம்பை உயர்த்தினால் போதுமே என எண்ணக்கூடும். அதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒவ்வோர் இணைப்பும் கணிப்பொறியின் நினைவகத்தில் ஓரளவு இடத்தைத் தின்கிறது. அளவின்றி உயர்த்தினால் நினைவகம் தீர்ந்து, அதிகம் தின்னும் நிரலை லினக்ஸ் தானே கொன்றுவிடும். அப்படிப் பலியாவது பெரும்பாலும் தரவுத்தளமேயாகும். அப்போது 'டூ மெனி கனெக்ஷன்ஸ்' போய் 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்' வரும்.

பதற்றத்தில் கைவைத்துப் பழுதைப் பெரிதாக்குவது நம் ஊர்க் கமிட்டிகளில் மட்டும் நடப்பதன்று. கைதேர்ந்த பொறியாளர்கள் நிறைந்த நிறுவனங்களிலும் நடந்திருக்கிறது. உலகெங்கும் மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தில், 2017 ஜனவரி 31 அன்று தரவுத்தளத்தின் மீது சுமை ஏறியது. முதன்மைக் கணிப்பொறியின் நகலாக இயங்கிய இரண்டாவது கணிப்பொறி பின்தங்கி நின்றுபோயிற்று. அதனை மீட்கும் முயற்சியில் அமைப்பு ஒன்றை மாற்றித் தரவுத்தளத்தை மறுபடி துவக்கியபோது, அது துவங்க மறுத்தது. இணைப்புகளின் உச்சவரம்பு 8000 என வைக்கப்பட்டிருந்தது. அதை 2000 ஆகக் குறைத்த பின்னரே துவங்கியது. அதன் பின்னும் நகலெடுப்பு நகரவில்லை. இரவு நெடுநேரம் போராடிய பொறியாளர் ஒருவர், இரண்டாவது கணிப்பொறியில் இருப்பதாக எண்ணி, முதன்மைக் கணிப்பொறியிலேயே அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்துவதற்குள், ஏறத்தாழ 300 ஜிகாபைட் தகவலில் மிஞ்சியது நாலரை ஜிகாபைட் மட்டுமே.

காப்பு நகல்களைத் தேடினர். நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த நகல், நகலெடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாததால், எடுக்கப்படவே இல்லை. தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சென்றடையாமல் மறுக்கப்பட்டிருந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன்பு, வேறொரு வேலைக்காக எடுத்துவைத்த நகல் ஒன்று தற்செயலாக இருந்ததால் மறுநாள் மீண்டெழுந்தனர். இடைப்பட்ட ஆறு மணி நேரப் பதிவுகள் போனவை போனவையே. ஏறக்குறைய 5000 திட்டங்களும் 5000 கருத்துரைகளும் 700 புதிய பயனர் கணக்குகளும் அவற்றுள் அடங்கும் என அந்நிறுவனமே ஒளிவுமறைவின்றி அறிவித்தது. அந்த நேர்மையை நான் மெச்சுகிறேன்.

இணைப்புப் பழுது வந்தால் முதற்செயல், திரையில் கண்டதை எண் உட்பட அப்படியே நேரத்துடன் எழுதிக்கொள்வது. அடுத்து, உள்ளே செல்ல முடிந்தால் பதிவுகளுக்கு ஒரு நகல். அதன்பின் மாற்றம், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். ஐந்தை மாற்றியபின் சரியானால் எதனால் சரியானது என்பது தெரியாது. சரியாகாவிட்டால் எது புதிய பழுது என்பதும் தெரியாது. அன்றிரவு கைவைத்த சகோதரர் நல்லெண்ணத்துடனேயே செய்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும், மாற்றியவற்றை அவர் ஒரு தாளில் குறித்திருந்தாலே இரண்டாவது பழுது ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் என்பதை நாம் அறிவோம். கணிப்பொறி வந்துவிட்டதால் எழுதும் கடமை நீங்கிவிடவில்லை.

மடலில் இன்னொரு செய்தியும் இருந்தது. பழுதைவிட அதுவே என்னை வருத்தியது. உதவி கேட்கும் நோக்கில் யாரோ அமைப்புக் கோப்பைப் படமெடுத்து, 200 பேர் கொண்ட ஊர் வாட்ஸ்அப் குழுவில் இட்டிருக்கிறார்கள். அதில் பயனர் பெயரும் புதிய கடவுச்சொல்லும் இருந்தன. யார் வீட்டில் கணவர் நோயுற்றிருக்கிறார், யாருக்கு எவ்வளவு கடன், எந்த விதவையின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் பாக்கி என்பதெல்லாம் அந்த 412 பதிவுகளில் உள்ளன. வரிசையில் நிற்கக் கூசியவர்களை வீட்டிலிருந்தே கேளுங்கள் என்று அழைத்துவிட்டு, அவர்கள் வீட்டுக் கதையின் திறவுகோலை ஊர் நடுவே தொங்கவிடலாமா? அமானிதம் என்பது பொருளுக்கு மட்டும் உரியதா? கடவுச்சொல்லை உடனே மாற்றி, அமைப்புக் கோப்பிலும் அதே நேரத்தில் மாற்றுமாறு எழுதினேன். பிழைச் செய்தியையும் பொதுமக்களின் திரையில் முழுமையாகக் காட்டக்கூடாது. பிஹெச்பி மொழியில் எழுதிய செயலிகளில், பிழையைக் கையாளாமல் விட்டால், சில அமைப்புகளில் கடவுச்சொல்லே திரையில் வந்துவிடுவதுண்டு. வருவோருக்கு, 'சற்றுநேரம் கழித்து முயலுங்கள். நீங்கள் முன்பு அனுப்பியவை பத்திரமாக உள்ளன' எனத் தமிழில் ஒரு வரி போதும். முழு விவரம் சேவையகத்தின் உட்குறிப்பேட்டில் பதிவாகட்டும்.

நகலை எங்கே வைப்பது என்பது சகோதரியின் கடைசிக் கேள்வி. அதே சேவையகத்தில் வைப்பது நகலாகாது. வீடு எரிந்தால் பெட்டியும் சேர்ந்து எரியும். நாள்தோறும் இரவில் எடுத்து, கடவுச்சொல்லிட்டுப் பூட்டி, பென்டிரைவ் ஒன்றில் ஏற்றி, நிக்காஹ் தஃப்தர் இருக்கும் அலமாரியிலேயே வைக்கலாம். மாதம் ஒருமுறை அந்நகலை வேறொரு கணிப்பொறியில் திறந்து, பதிவுகளின் எண்ணிக்கை சரியா எனப் பார்க்க வேண்டும். பெருநாள் கழிந்து பங்கீடும் தணிக்கையும் முடிந்தபின், பெயர் விவரங்களைச் சேவையகத்திலிருந்து நீக்கிவிடுவது நலம். அந்த அழிப்பையேனும் பகல் வெளிச்சத்தில், செயலியை எழுதிய சகோதரியே செய்யட்டும்.